யாருடைய உப்பு?

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று நமக்குச் சிறு வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். சாதாரண உத்தியோகங்களில் இந்த நீதியைக் கடைப்பிடிப்பதில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. கணக்குப்பிள்ளை முதலாளிக்காகக் கணக்கு எழுதுகிறார். சம்பளமும் அவரிடமே வாங்குகிறார். ஆனால் சம்பளம் ஒருவரிடமும் விசுவாசம் இன்னொருவரிடமுமாகப் பிரிந்து நிற்கும் உத்தியோகங்களும் உலகத்தில் உண்டு. போலீஸ் இலாகாவில் மனநல ஆலோசகராக இருப்பது அவற்றுள் ஒன்று.

இது மிகப் பழைய உத்தியோகம் அல்ல. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீஸ் இலாகா, மார்ட்டின் ரைசர் என்ற உளவியல் அறிஞரை 1968-ஆம் ஆண்டில் முழு நேர ஊழியராக நியமித்தது. பிறகு பல ஊர்களிலும் இப்படிப்பட்டவர்கள் வந்தார்கள். விபத்தில் சிதைந்த குழந்தையைக் கையில் தூக்கி வந்தவர், தற்கொலை செய்துகொண்டவரின் வீட்டுக் கதவை உடைத்துத் திறந்தவர், ஓர் உயிரைச் சுட்டு வீழ்த்திவிட்டு இரவெல்லாம் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பவர் என்று பலரும் ஆலோசகரின் அறைக்கு வருகிறார்கள். வந்து உட்கார்ந்தவுடன் அவர்கள் மனத்தில் எழும் கேள்வி நோயைப் பற்றியது அல்ல. இங்கே நான் பேசுவது மேலதிகாரியின் காதுக்குப் போகுமா என்பதுதான்.

சந்தேகம் நியாயமானதே. ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது அந்த மேலதிகாரியின் இலாகா. ‘பயம்’ என்று ஒரு வார்த்தை காகிதத்தில் ஏறிவிட்டால் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலைக்கு அனுப்பிவிடலாம். இதற்காகவே அந்தத் தொழிலில் ஒரு வரம்பு வகுத்திருக்கிறார்கள். போலீஸ்காரர் வேலைக்குத் தகுதியோடு இருக்கிறாரா என்று சோதித்து இலாகாவுக்குச் சொல்பவர் ஒருவர். அவருடைய துயரத்தைக் கேட்டு ஆற்றுபவர் வேறொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்யலாகாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இலாகாவின் காதை அடைத்துவிட்டால் மட்டும் போதுமா? கோர்ட் கேட்டால் என்ன பதில் சொல்வது?

கோர்ட் கேட்கத்தான் செய்தது. 1991-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சிகாகோவை அடுத்த ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் என்னும் ஊரில், அடிதடி நடக்கிறது என்ற தகவல் கேட்டு ஒரு பெண் போலீஸ் ஒரு குடியிருப்புக்குப் போனார். அங்கே ஒருவரைச் சுட்டுக் கொன்றார். இறந்தவர் கத்தியுடன் இன்னொருவரைத் துரத்தி வந்தார், குத்தப் போகும் தறுவாயில் சுட்டேன் என்றார் அந்தப் பெண். வெளியே வந்தபோது அவர் கையில் ஆயுதமே இல்லை என்றார்கள் இறந்தவரின் குடும்பத்தார். சம்பவத்துக்குப் பிறகு அந்தப் பெண் ஓர் ஆலோசகரிடம் சுமார் 50 தடவை போய்ப் பேசியிருந்தார். அந்த ஆலோசகரும் அதே ஊர் நிர்வாகத்தில் சம்பளம் வாங்கியவர்.

இறந்தவர் தரப்பில் வழக்குத் தொடுத்தவர்கள் அந்தப் பேச்சுகளின் குறிப்பைக் கேட்டார்கள். கிடைக்கவில்லை. அப்படியானால் அதில் இருப்பது போலீஸ் பெண்ணுக்குப் பாதகமானது என்று கருதிக்கொள்ளலாம் என நீதிபதி ஜூரிகளிடம் சொன்னார். ஜூரிகள் 5,45,000 டாலர் நஷ்டஈடு விதித்தார்கள். ஜாஃபீ-ரெட்மண்ட் வழக்கு என்று பெயர் பெற்ற இந்த விவகாரம் கடைசியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996-இல் ஏழு நீதிபதிகள் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாக நின்று, ஆலோசகரின் மௌனம் சரியே என்று தீர்ப்பளித்தார்கள்.

பெரும்பான்மையோருக்காக எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸின் வாதம் இது: பேசியது வெளியே வரும் என்று தெரிந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஆகவே இந்தப் பாதுகாப்பினால் கோர்ட் இழக்கும் சாட்சியம், பாதுகாப்பு இல்லாவிட்டால் பிறந்தே இராத சாட்சியம். மறுத்து எழுதிய நீதிபதி ஸ்கேலியாவின் கேள்வியும் லேசானது அல்ல. மனம் நொந்தவர்கள் தாயிடமும்தான் போகிறார்கள். தாயிடம் சொன்னதைச் சட்டம் காக்கவில்லையே? இந்தச் சலுகைக்கு விலை, எங்கோ ஒருவருக்கு நியாயம் கிடைக்காமற் போவது என்றார் அவர்.

நான் ஸ்டீவன்ஸ் பக்கமே நிற்கிறேன். தாய் மகனை அணைத்துக்கொள்வாள். நாளைக்கு மறுபடியும் துப்பாக்கியோடு தெருவில் நிற்கலாமா என்று அவனையே கேட்டுக்கொள்ளச் செய்யும் பயிற்சி அவளுக்கு இல்லை. ஆறாத பயத்தோடு ரோந்து போகிறவர் தமக்கு மட்டும் ஆபத்தானவர் அல்லர்; அடுத்து எதிரே வரும் முன்பின் தெரியாத மனிதருக்கும் ஆபத்தானவர். ஆகவே அந்த ரகசியம் போலீஸ்காரருக்கு மட்டும் செய்யும் உபகாரம் அன்று. அதன் பலன் இனிமேல் அவரைச் சந்திக்கப் போகிறவர்களையும் சேர்கிறது.

ஆனால் ஸ்கேலியா சொன்ன விலையை மறந்துவிட முடியுமா? பலன் வருங்காலத்தில் யாருக்கோ. விலை கொடுப்பவர்களோ இன்று சவத்தின் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்பவர்கள். இந்தக் கணக்கு நேராக வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. ஆலோசகர் வாயை மூடிக்கொள்ளலாம். இலாகா மூடிக்கொள்ளக் கூடாது. யார் முதலில் சுட்டார், எத்தனை குண்டு, யார் பார்த்தார் என்பதையெல்லாம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் பேசுகிற இடத்தில்தான் ஒருவருடைய மௌனம் தர்மமாகும். எல்லோரும் மௌனமாகிவிட்டால் ஆலோசகரின் அறை, உண்மையைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டிதான். அதேபோல, நடந்ததைக் காப்பது ரகசியம். இனி நடக்கப் போகும் கொலையைத் தெரிந்தும் மறைப்பது உடந்தை. பிறருக்குப் பெருந்தீங்கு நேருமென்றால் இந்தப் பாதுகாப்பு விலகியே ஆக வேண்டியிருக்கும் என்பதை அந்தத் தீர்ப்பும் ஒப்புக்கொள்கிறது.

நம் நாட்டு நிலைமை வேறு. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதைச் சாட்சியச் சட்டம் காக்கிறது. டாக்டரிடம் சொன்னதற்கு அதில் அத்தகைய காப்பு இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியது. ஆயினும் ஹைகோர்ட்டோ சுப்ரீம் கோர்ட்டோ உத்தரவிட்டால் குறிப்புகளைக் கொடுக்க வேண்டியதுதான். ஆகவே இங்கே இந்த வேலைக்கு வருகிறவர், இவ்வளவு வரையில் காப்பேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இனி, உப்பு யாருடையது? அந்தச் சம்பளம் மேலதிகாரியின் பையிலிருந்து வருவது அல்ல. ஊரார் கட்டும் வரியிலிருந்து வருகிறது. ஊரார் என்றால் அதில் சுட்டவரும் உண்டு, சுடப்பட்டவரும் உண்டு. ஆலோசகர் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் துயரத்தைக் கேட்கட்டும். கதவுக்கு வெளியே இன்னொரு துயரம் காத்து நிற்கிறது என்று தெரிந்துகொண்டே கேட்கட்டும்.