கட்டையா, ஆவுளியாவா?

ஏர்வாடியைத் தாண்டிப் போனால் வாலிநோக்கம். ஒரு பக்கம் உப்பளங்கள் கண்ணைக் கூசும். மறுபக்கம் மன்னார் வளைகுடா. நண்பர் ஒருவர் வீட்டு விசேஷத்துக்காகப் போயிருந்தேன். மாலையில் காற்று வாங்கலாமென்று கடற்கரைக்கு வந்தபோது, கரையேற்றியிருந்த ஒரு வள்ளத்தின் அருகே ஐந்தாறு பேர் கடலைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஆவுளியா வந்திருக்கு, சார்! அந்தா பாருங்க” என்றார் அவர்களில் ஒருவர்.

ஆவுளியா என்பது கடற்பசு. கடலடியில் புல் மேய்ந்துவிட்டு, மூச்சு விட மட்டும் மேலே வரும் சாதுப் பிராணி. அருகிப் போன இனம். அதற்கென்றே 2022இல் பாக் விரிகுடாவில் ஒரு காப்பகம் அறிவித்தார்கள். கண்ணால் காணக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

நான் பார்த்தேன். தூரத்தில் கறுப்பாக ஏதோ மிதந்தது. மரக்கட்டை மாதிரிதான் இருந்தது. ஆனால் கடலோடு பிறந்து வளர்ந்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு என்ன தெரியும்? மறுபடி உற்றுப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மூக்குத் தெரிந்தது. “ஆமாம், மூக்குத் தெரியுதே!” என்று கூவியும் விட்டேன்.

வள்ளத்தின் விளிம்பில் கால்களை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பையன், “அது பனங்கட்டை” என்றான்.

அவ்வளவுதான். மூக்கு போய்விட்டது, கட்டை இருந்தது. “எனக்கும் முதல்லேயே அப்படித்தான் தோணிச்சு” என்றேன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இரவு படுத்த பிறகு அந்த மூக்கு என்னைத் தூங்க விடவில்லை. நான் பொய் சொல்லவில்லையே! மரியாதைக்காக ஆமாம் போடவும் இல்லை. இல்லாத மூக்கை நிஜமாகவே பார்த்தேன்.

சாலமன் ஆஷ் என்ற மனோதத்துவ நிபுணர் 1950களில் அமெரிக்காவில் நடத்திய பரிசோதனை பிரசித்தமானது. அட்டையில் மூன்று கோடுகள். இன்னோர் அட்டையில் ஒரு கோடு. அது மூன்றில் எதற்குச் சமம்? குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருப்பவர்களில் ஒருவர் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள். சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் தவறான கோட்டைக் காட்டினார்கள். அந்த ஒற்றை மனிதர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள்.

அவர்கள் வாயால் மட்டும் சொன்னார்களா, கண்ணாலும் அப்படியே கண்டார்களா? ஆஷ் கேட்டபோது பலரும், தங்கள் கண்ணிலேயே சந்தேகம் வந்துவிட்டது என்றார்கள். மூளைக்குள் எட்டிப் பார்க்க அவரிடம் கருவி இல்லை. 2005இல் அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் கிரிகரி பெர்ன்ஸும் அவருடைய சகாக்களும், ஆட்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து இதே மாதிரி பரிசோதித்தார்கள். கோடுகளுக்குப் பதிலாக, திருப்பிவைத்த உருவங்கள். கூட்டம் தவறாகச் சொன்னபோது, 100க்கு 41 தடவை இவர்களும் தவறினார்கள். அப்போது மாறுதல் தென்பட்டது பெரும்பாலும் பார்வையோடும் இட உணர்வோடும் சம்பந்தப்பட்ட பகுதிகளில். கூட்டத்தை மீறிச் சரியாகச் சொன்னவர்களிடமோ அமிக்டலா என்ற பாதாம் பருப்பளவுப் பகுதி கிளர்ந்தது. பயம் போன்ற உணர்ச்சிகள் எழும்போது வேலை செய்கிற இடம் அது. உண்மை சொன்னதற்குக் கூலி!

ரத்த ஓட்டத்தின் படத்தை வைத்து ஒருவன் மனசைப் படித்துவிட்டதாக நான் நம்பமாட்டேன். ஆனாலும் என் மூக்குக்கு இது ஒரு சமாதானம். கண்ணே வளைந்துபோனால் மனிதன்மேல் என்ன குற்றம்?

இப்படிச் சமாதானம் ஆகியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன். தையற்காரர் மாமாவின் ஞாபகம் வந்து தொலைத்தது.

எங்கள் ஊரில், ஊர்ப் பணத்துக்குக் கணக்குக் கேட்டார் என்பதற்காக அவரைத் தள்ளி வைத்தார்கள். அந்த வீட்டோடு யாரும் பேசக்கூடாது, பேசினால் அபராதம். மகாராஷ்டிரத்தில் 2016இல் இப்படித் தள்ளி வைப்பதையே குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரில் அது நடந்த காலத்தில், இதில் குற்றம் இருக்கிறது என்றே ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் அப்போது கல்லூரி விடுமுறையில் வந்திருந்தேன். என் முதல் முழுக்கால் சட்டையைத் தைத்தவர் எதிரே வந்தார். “தம்பி, எப்ப வந்தே?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லாமல் நடந்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், “அந்த ஆள் முகத்துலயே திமிர் தெரியுதும்மா” என்றேன். பொய்யில்லை. திமிரைப் பார்த்தேன், கடலில் மூக்கைப் பார்த்த மாதிரியே.

ஆனால் எது முதலில் வந்தது? ஸ்கேன் படம் அதைச் சொல்லாது, எனக்குத் தெரியும். அவர் தெருமுனையில் திரும்பியதுமே என் தொண்டை வறண்டது. அப்போது எனக்கு அவர் பழைய மாமாதான். இரண்டு வீட்டுத் திண்ணைகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் அவர் முகத்தில் திமிர் வந்து உட்கார்ந்தது. நடுவே பத்தடி தூரம் இருக்கும். அந்தப் பத்தடிக்கு எந்தப் பாதாம் பருப்பையும் சாட்சிக்குக் கூப்பிட எனக்கு மனமில்லை.

ஆஷின் பரிசோதனையில் இன்னொன்றும் உண்டு. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான கோட்டைச் சொல்லிவிட்டால் போதும், தவறுகள் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைந்துவிட்டன. வாலிநோக்கத்துப் பையன் எனக்குச் செய்தது அதைத்தான். எங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருந்திருந்தால், என்று முதலில் நினைத்தேன். பிறகு கணக்குப் பார்த்தேன். திண்ணையில் இருந்தவர்கள் அந்த ஊரிலேயே காலம் தள்ள வேண்டியவர்கள். நான்கு நாளில் பஸ் ஏறிப் போகப்போகிறவன் நான் ஒருவன்தான்.

காலையில் அந்தப் பனங்கட்டை கரை ஒதுங்கிக் கிடந்தது. பையனைத் தேடினேன், பள்ளிக்கூடம் போய்விட்டான் என்றார்கள்.

தையற்காரர் மாமா ஊரை விட்டுப் போய் வெகு நாளாயிற்று. மதுரையில் மகனோடு இருப்பதாகக் கேள்வி. விலாசம் விசாரித்தால் கிடைத்துவிடும். இதை எழுதி முடிக்கிற வரை நான் விசாரிக்கவில்லை.