உன் தாங்கியை நீயே கட்டு

"அந்தச் சாமான் இங்கே கிடைக்காது தம்பி." பழைய சோனகத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, இந்த ஒரு பதிலோடு வீடு திரும்பி, ஆசையையும் அன்றோடு மூட்டை கட்டி வைத்தவர்கள் கொட்டாஞ்சேனையில் எத்தனை பேர்! கிடைக்காது என்றுதானே கடைக்காரர் சொன்னார்? செய்ய முடியாது என்று உனக்கு யார் சொன்னது?

எனக்கு இந்தக் கோபத்தை மூட்டியவன் பக்கத்து ஒழுங்கைப் பொடியன் ஒருவன். பழைய கயாக் படகு ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினான். நண்டு பிடிக்க வளைய வலைகளைத் தன் கையாலேயே கட்டினான். அவற்றை ஏற்றிப்போக ஒரு தாங்கி வேண்டியிருந்தது. வெளிநாட்டில் விற்கிற தாங்கியின் விலையைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், கயாக்கைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டான். வலை கட்டத் தெரிந்த கைக்கு ஒரு தாங்கி கட்டத் தெரியாதா?

வளைய வலை எளிமையான பொருள். இரும்பு வளையம், அதில் பை போலத் தொங்கும் வலை, நடுவில் கட்டிய மீன்தலை, மேலே ஒன்றுசேரும் மூன்று கயிறு, கடைசியில் ஒரு மிதவை. நண்டுக் கூட்டைப் போல அதற்கு வாசல் கிடையாது. தரையில் விரிந்து கிடக்கும். நண்டு இரையைத் தின்ன வந்து நடுவில் உட்காரும். நீ ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். பிடிபட்டது காயமில்லாமல் உயிரோடு வரும். சினை நண்டாக இருந்தால் அப்படியே தண்ணீருக்குத் திருப்பி விடலாம், விடத்தான் வேண்டும். சிங்கப்பூர்ச் சந்தையில் இலங்கைக் களப்பு நண்டுக்கு இருக்கிற மதிப்பு உனக்குத் தெரியாததல்ல.

சிக்கல் படகில் ஏறிய பிறகுதான். ஈரமான நாலைந்து வளையங்களைக் காலடியில் குவித்துப் பார்! ஒன்றின் கயிறு மற்றதின் வலைக்குள் போகும், மிதவை துடுப்பில் மாட்டும். சிக்கெடுக்கக் குனிந்தால் கயாக் சரியும். அதனால்தான் தாங்கி.

இனி வேலையைக் கேள். முதலில் எஸ்லோன் பைப். ஆசனத்துக்குப் பின்னால் தூண்டில் செருகும் இரண்டு குழிகள் இருந்தால், அவற்றுக்குள் இறங்கும் அளவில் இரண்டு கால்கள் வெட்டு. கால்களை இணைக்க ஒரு குறுக்குத் துண்டு, வளையங்கள் படுக்க முன்னும் பின்னும் நீளத் துண்டுகள், அவை நழுவாமலிருக்க நான்கு மூலையிலும் சிறு முளைகள். வளைவு வேண்டிய இடத்தில் பைப்புக்குள் காய்ந்த மணலை இறுக நிரப்பி, இரு வாயையும் அடைத்து, வெளியில் காற்றோட்டமான இடத்தில் மெல்லச் சூடாக்கி வளை. மணல் இல்லாமல் வளைத்தால் பைப் நசுங்கும், நசுங்கிய இடத்தில்தான் பிறகு முறியும். வெட்டிய ஒவ்வொரு விளிம்பையும் அரத்தால் தேய். விரல் தடவினால் கீறக் கூடாது. விரலைக் கீறுவது வலைக்கண்ணையும் அறுக்கும். பைப்புக்குள் புகும் தண்ணீர் வடிய அடியில் ஒரு துளை போடு. வளையங்களைத் தட்டு அடுக்குவது போல ஒன்றின்மேல் ஒன்றாக வை; ஒவ்வொன்றின் கயிறும் மிதவையும் அதனதன் பைக்குள்ளேயே சுருண்டிருக்க வேண்டும். மேலே இழுத்துக் கட்ட மோட்டார் சைக்கிளின் பழைய டியூப் போதும். பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் அதற்கா பஞ்சம்?

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதே: பாரம் தாழ்வாக இருக்க வேண்டும். அடுக்கு உயர உயரக் கயாக் ஆடும். ஆறு வளையம் ஏற்ற ஆசை வரும். நாலோடு நிறுத்தப் பழகு.

இதெல்லாம் படித்த பொறியியலாளர் வேலை என்கிறாயா? கயாக்கை உலகத்துக்குக் கொடுத்தவர்களைப் பார். கிறீன்லாந்தின் இனுயிட் மக்களுக்குப் படகு கட்டத் தோதான காடு கிடையாது. கடல் கொண்டுவந்து ஒதுக்கிய மரத்துண்டுகளைப் பொறுக்கிச் சட்டம் கட்டினார்கள், சீல் தோலைப் போர்த்தித் தைத்தார்கள். எறியீட்டியின் கயிற்றுச் சுருளை வைக்க, துடுப்பு வலிப்பவனுக்கு முன்னால் ஒரு சிறு தாங்கியையும் அவர்களே செய்து பொருத்தினார்கள். கயாக்கில் தாங்கி வைப்பது அந்தக் காலத்து வேலை, தம்பி! கடை இல்லாத பனிக்கரையில், மரமில்லாத மனிதன் செய்தான். பைப்பும் கயிறும் தாராளமாகக் கிடைக்கிற கொழும்பில் இருந்துகொண்டு நீ கையைப் பிசைகிறாய்.

அவ்வளவு தூரம் ஏன்? நீர்கொழும்புக்குப் போய்ப் பழைய பாணிப் பக்கமிதவை வள்ளத்தைக் கிட்ட நின்று பார். வள்ளத்தையும் மிதவை மரத்தையும் இணைக்கும் கழிகள் கயிற்றால் வரிந்து கட்டியவை. அலை அடிக்கும்போது கட்டு கொஞ்சம் இளகிக் கொடுக்கும், அதனால் முறியாது. நம் கட்டுமரத்திலும் இதே அறிவுதான். உன் தாங்கியையும் ஆணி அறைந்து இறுக்காதே, கயாக்கின் உடலில் கண்ட இடத்தில் துளை போடாதே. வரிந்து கட்டு.

இன்னொருவரையும் பார். யாழ்ப்பாணத்து அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போனார். அந்த நாட்டில் கால் வைத்த முதல் தமிழர் என்று அவரைச் சொல்வார்கள். அங்கே போனவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடவில்லை. மீன்பிடித் தொழிலைக் கற்றார், நோர்வே நண்பர்களைத் திரட்டினார், 1967இல் காரைநகரில் சீநோர் நிறுவனம் எழுந்தது. கண்ணாடியிழைப் படகுகள் நம் மண்ணில், நம் பொடியன்களின் கையால் உருவாகின. அந்தச் சீநோரின் படகுத்தளம் இன்று உனக்குப் பக்கத்தில் மட்டக்குளியிலும் இருக்கிறது. ஒரு மனிதன் கடல் கடந்து போய்க் கற்று வந்து ஒரு தொழிற்சாலைக்கே வித்திட்டான் என்றால், நாலு முழப் பைப்பை வெட்ட உனக்கு என்ன தயக்கம்?

2022இன் பொருளாதார நெருக்கடியை மறந்துவிட்டாயா? மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாயானது. அதற்கு முன்பே எண்ணெய் கிடைக்காமல் இயந்திரப் படகுகள் கரையேறிக் கிடந்தன. துடுப்பை நம்பியவன் மட்டும் யாரிடமும் போய் வரிசையில் நிற்கவில்லை. கையால் ஓட்டக்கூடிய, கையால் திருத்தக்கூடிய ஒரு பொருளை வைத்திருப்பவனை நெருக்கடியால் முழுதாகச் சாய்க்க முடியாது. நான் இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்த வருடம் முகத்துவாரத்துக் கரையில் நின்று பார்த்தவர்கள் யாரையும் கேள்.

"பிழைத்துப் போனால் ஆட்கள் சிரிப்பார்களே!" சிரிக்கட்டும். சிரிக்கிறவனிடம் ஒரு வாள் இருக்கிறதா, ஒரு அளவுநாடா இருக்கிறதா? முதல் தாங்கி கோணலாகத்தான் வரும். கால் ஒன்று நீளும், முளை ஒன்று கழன்று விழும். வீணானது ஒரு பைப் துண்டு. அதற்கு ஈடாக உன் கைக்கு வந்த அளவை எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

ஆகவே எழும்பு! இன்றைக்கே வளையத்தின் விட்டத்தை அள. குழியின் ஆழத்தை அள. நீ உட்கார்ந்து துடுப்பு வலிக்கும்போது முழங்கை எவ்வளவு பின்னால் போகிறது என்பதையும் ஒரு கூட்டாளியைக் கொண்டு அளந்து எழுதிக்கொள். கடற்றொழில் திணைக்களத்தில் அனுமதி பற்றி விசாரி, உயிர்காப்பு அங்கி இல்லாமல் தண்ணீரில் இறங்காதே. தாங்கி முடிந்ததும் நேரே கடலுக்கு ஓடாமல், களப்பின் கரையோரத்தில் பாதுகாப்பான இடமாகக் கேட்டறிந்து, இடுப்பளவு தண்ணீரில், துணைக்கு ஒருவன் நிற்க, வளையங்களோடு கயாக்கை வேண்டுமென்றே கவிழ். எந்தக் கட்டு முதலில் அவிழ்ந்தது, எந்த வளையம் நழுவியது, திரும்ப ஏறும்போது தாங்கி எங்கே இடித்தது என்று பார். வீட்டுக்கு வந்து அந்த இடத்தை மட்டும் வெட்டித் திருத்து. அடுத்த ஞாயிறு மறுபடி கவிழ்.