முட்டை யாருடைய தட்டில்?

பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் எனக்கும் அண்ணனுக்கும் ஒரே சமயத்தில் முகப்பரு வந்தது. அவனைப் பார்த்து அத்தை, "வயசுப் பிள்ளைக்கு வரத்தானே செய்யும்" என்றார். என்னைப் பார்த்து, "என்னத்தடி தின்ன?" என்று கேட்டார். அன்றிலிருந்து முட்டை, கருவாடு, நிலக்கடலை என்று ஒவ்வொன்றாக 'சூடு' எனச் சொல்லி என் தட்டிலிருந்து எடுக்கப்பட்டன. என் பங்கு முட்டை அண்ணனுக்குப் போனது.

ஒரே பரு அவனுக்கு வளர்ச்சி, எனக்குக் குற்றம். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

உடலிலிருந்து வரவில்லை. பருவ வயதில் ஆண்ட்ரஜன் ஹார்மோன்கள் கூடுவது இரு பாலருக்கும் பொது. அதனால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரக்கின்றன, மயிர்க்கால்கள் அடைபடுகின்றன, தோலில் எப்போதும் வாழும் பாக்டீரியா அங்கே பெருகி வீக்கம் உண்டாகிறது. பரம்பரைக்கும் பங்குண்டு. இதில் ஒழுக்கத்துக்கு வேலையே இல்லை.

உணவுக்குத் தொடர்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், பரு உள்ள 43 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு, ரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றும் மாவுணவைக் குறைத்து, மீன், கொழுப்பு குறைந்த இறைச்சி போன்ற புரத உணவைக் கூட்டினார்கள். 12 வாரங்களில் மற்றப் பிரிவினரைவிட இவர்களுக்குப் பரு அதிகம் குறைந்தது. பல ஆண்டுகள் கழித்து இதைப் படித்தபோது இரண்டு விவரங்களில் நின்றுவிட்டேன். அந்த 43 பேரும் ஆண்கள். அவர்கள் தட்டில் புரதம் சேர்க்கப்பட்டது. என் தட்டில் பறிக்கப்பட்டது. எனக்கு மிஞ்சிய இட்லியும் வெள்ளைச் சோறும் சர்க்கரை போட்ட காப்பியும்தான் ரத்தச் சர்க்கரையை ஏற்றுபவை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பெண்ணைப் பார்த்து "இதைச் சாப்பிடாதே" என்பது சாதாரண அழகுக் குறிப்பு அல்ல.

அம்மா என் முகத்தில் எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் உட்காரச் சொல்வார். எரியும். "எரிஞ்சாத்தான் கேக்கும்" என்பார். எலுமிச்சைச் சாறு தோலை அரிக்கும், வெயிலோடு சேர்ந்தால் புண்ணாக்கிக் கருந்தழும்பும் விடும் என்பது அவருக்குத் தெரியாது. பெண்ணை யாராவது வேண்டாமென்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் தெரியும். அந்தப் பயம் பொய்யும் அல்ல.

இயற்கை வைத்தியம் எல்லாமே ஏமாற்று என்று இதற்குப் பொருளில்லை. டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஜெல் மெதுவாகவேனும் பருவைக் குறைப்பதை 1990இலேயே ஓர் ஆய்வு காட்டியது. எந்தப் பொருளைப் பூசுகிறோம் என்பதைவிட, எந்த மனநிலையில் பூசுகிறோம் என்பதே என் கேள்வி. வலிப்பதைத் தாங்குகிறேனா, பசியைத் தாங்குகிறேனா, அதன் வழியாக நல்ல பெண் என்று நிரூபிக்கிறேனா? அப்படியென்றால் அது தண்டனை. என் உடம்புக்கு அது இதம் தருகிறதா, நாளைக்கு நிறுத்தினாலும் குற்றவுணர்வு இல்லாமல் இருக்க முடிகிறதா? அப்போதுதான் அது பேணுதல். இரண்டும் ஒரே கிண்ணத்து மஞ்சளில் இருக்கக்கூடும்.

இப்போது நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சென்ற மாதம் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு மாணவி தன் முட்டையைத் தோழியின் தட்டுக்கு மாற்றினாள். ஏனென்று கேட்டேன். கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

சொல்ல நிறைய இருந்தது. தினம் இருமுறை மென்மையாக முகம் கழுவினால் போதும், கிள்ளாதே, கடையில் தானாக வாங்கும் ஸ்டீராய்டு கிரீம் பருவை மோசமாக்கும், மாதவிடாயும் தள்ளிப்போனால் மருத்துவரைப் பார். எல்லாம் சொன்னேன். ஆனால் முதலில் சொன்னது வேறு.

"முதல்ல முட்டையைச் சாப்பிடும்மா. மத்ததை அப்புறம் பேசலாம்."