ஓடாத தண்ணீர்

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் என்னோடு காலைநடை போகிறவர்களுக்கு என் திட்டம் ஒரு வேடிக்கை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓர் ஏரியில் துடுப்பு வலிக்க வேண்டும், அவ்வளவுதான். டாங்க் ஃபேக்டரியில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா, எவ்ளோ வலிச்சாலும் ஏறின எடத்துலதான எறங்கப் போற?"

நியாயமான கேள்வி. ஆற்றில் வலிப்பவனுக்குத் தண்ணீரே பாதி வேலையைச் செய்துவிடும். கனடாவில் யூக்கான் ஆற்றின் வழியே வைட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை 715 கிலோமீட்டர் துடுப்புப் போட்டி நடக்கிறது. நடுவே லபார்ஜ் ஏரி, சுமார் 50 கிலோமீட்டர் நீளம். அங்கே நீரோட்டத்தின் தயவு கிடையாது. எதிர்காற்று கிளம்பிவிட்டால், கை ஓய்ந்த மாத்திரத்தில் படகு பின்னுக்குப் போகும்.

படிப்பு, வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று நம்மில் பலரை ஐம்பது வயது வரை ஓட்டமே கொண்டுவந்து சேர்க்கிறது. அதற்குப் பிறகு ஏரிதான். மேலதிகாரியோ தவணைத் தேதியோ விரட்டாத ஒரு காரியத்தை நம்மால் எவ்வளவு நேரம் செய்ய முடியும்? எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

பயிற்சி ஞாயிறுதோறும் கோவளத்தில். கையால் வலிக்காதே, இடுப்பைத் திருப்பி முதுகால் வலி என்பதுதான் முதல் பாடம். உள்ளங்கைக் கொப்புளம் காய்த்துப்போகும். கேழ்வரகுக் கூழும் உப்பு மோரும் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். சலிப்புக்குத்தான் மருந்து இல்லை. உடம்பு களைப்பதற்கு வெகுமுன்பே மனசு 'போதும், கரைக்குப் போகலாம்' என்று வக்கீல் மாதிரி வாதாடத் தொடங்கிவிடுகிறது. தயாரிப்பில் பெரும்பகுதி இந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டே வலித்துக்கொண்டிருப்பது. தசை வளர்ப்பதெல்லாம் அப்புறம்.

வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் பாக் நீரிணையை ஒரே மூச்சில் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்தியவர். அதைவிட என்னை வியக்கவைப்பது 1981-இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் அவர் செய்தது: 80 மணி நேரம் நீரில் நின்ற நிலையிலேயே மிதந்தார். ஓரடிகூடப் பயணமில்லை. பெரியவரின் கணக்குப்படி அது சுத்த வீண். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போய்ச் சேரும் இடத்தை வைத்து மட்டுமே உழைப்பை அளந்தால், பிள்ளை வளர்ப்பதும் நோயாளியைப் பார்த்துக்கொள்வதும்கூட வீண் கணக்கில்தான் சேரும்.

அதற்காக விடாப்பிடியைப் புனிதமாக்கவும் எனக்கு மனமில்லை. ஆனந்தன் 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். எங்கே நிறுத்துவது என்பதும் பயிற்சியில் சேர்ந்ததுதான். ஆகவே ஆசைப்பட்டு இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: செம்பரம்பாக்கமும் புழலும் ஊருக்குக் குடிநீர் தரும் ஏரிகள், அவற்றை விட்டுவிடுங்கள். அனுமதியுள்ள நீரிலும் மிதவைச் சட்டை இல்லாமல், கரையில் ஓர் ஆள் இல்லாமல் துடுப்பைத் தொடாதீர்கள்.