ஒளித்து வைத்த இனிப்பு பொய்யாகுமா?

காணிப்பாக்கத்து விநாயகர் முன் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணியமாட்டார்கள் என்பது குடிபாலா, சித்தூர் வட்டாரத்தின் பழைய நம்பிக்கை. கடன் தகராறும் திருட்டுப் பழியும் அந்தச் சன்னதியில் தீர்ந்துபோவதுண்டு. ஆனால் சத்தியம் கட்டுப்படுத்துவது வாய்விட்டுச் சொன்ன சொல்லை மட்டும்தான். சொல்ல வேண்டியதை முணுமுணுத்துவிட்டு நகர்ந்தவனை அது என்ன செய்யும்? கடைகளில் விற்கும் தக்காளி சாஸை முன்னால் வைத்து இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

100 கிராம் சாஸில் பொதுவாக 20 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி ஊற்றிக்கொண்டால் ஏறக்குறைய 4 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு இருந்தும் நாக்கு அதை இனிப்புப் பண்டமாக எண்ணுவதில்லை. வினிகரின் புளிப்பும் உப்பும் இனிப்பை அமுக்கிவிடுகின்றன. இதே மண்ணின் உகாதிப் பச்சடியோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். வேப்பம்பூ, மாங்காய், புளி, மிளகாய், உப்பு இவற்றோடு வெல்லமும் அதில் உண்டு. ஆனால் அங்கே இனிப்பு தன் பெயரோடு வருகிறது. வாழ்வில் எல்லாம் கலந்தே வரும் என்பதை நாக்குக்கு உணர்த்துவதே அந்தச் சடங்கின் நோக்கம். ஒரு சுவை இன்னொன்றின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தால் சடங்கே கெட்டுவிடும். சர்க்கரையைக் குற்றம் சொல்வதல்ல என் நோக்கம். திருப்பதி லட்டு யாரையும் ஏமாற்றியதில்லை.

‘லேபிளில்தான் அச்சிட்டிருக்கிறதே’ என்பார்கள். உண்மைதான். சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று காட்டச் சொல்லி 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகளே இருக்கின்றன. ஆனால் அதே விதிகளின்படி லேபிளில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும். பிற மொழிகள் விற்பவர் விருப்பம். தமிழும் தெலுங்கும் மட்டும் படிக்கத் தெரிந்த குடிபாலாக்காரருக்குப் பாட்டிலின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண் எதைச் சொல்லும்? வள்ளுவர் வாய்மையை அளந்தது செய்தியின் துல்லியத்தை வைத்து அல்ல, தீங்கின்மையை வைத்து. அந்த அளவுகோலில் லேபிள் உண்மையானது, ஆனால் வாய்மையானது அல்ல. குற்றமற்ற நன்மை விளைந்தால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்று அவரே இடம் கொடுத்தாரே என்று வாதிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியான INDIAB ஆய்வு நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. அதற்கு சாஸ்தான் காரணம் என்று சொல்வது அபத்தம். ஆனால் சர்க்கரையை எண்ணிச் சாப்பிட வேண்டிய இத்தனை பேர் இருக்கும் நாட்டில், எண்ணவிடாமல் செய்வதைக் குற்றமற்ற நன்மை என்று எப்படிச் சொல்வது?

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வத்தக்குழம்பில் ஒரு துண்டு வெல்லம் போடும் பாட்டியும் ஒளிக்கத்தானே செய்கிறாள்? ஆமாம். ஆனால் அவள் அடுப்படியிலேயே இருக்கிறாள், கேட்டால் சொல்வாள். சர்க்கரை ஆகாத பிள்ளைக்கு வெல்லம் போடாமல் தனியாக எடுத்து வைக்கவும் செய்வாள். உண்பவரின் விரதம் அவளைக் கட்டுப்படுத்துகிறது. சமணத் தவங்களில் சுவையைத் துறப்பதும் ஒன்று. நெய், வெல்லம் போன்றவற்றை விலக்கி உண்பது. ஆந்திர எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டின் வள்ளிமலைக் குகைகளில் வாழ்ந்த சமணத் துறவியருக்கு அந்தத் தவம் கைகூடியது, தமக்கு இடப்பட்டது என்னவென்று தெரிந்ததால்தான். விலக்க வேண்டியது எங்கே இருக்கிறதென்றே தெரியாவிட்டால் துறவு என்ற சொல்லுக்கே பொருளில்லை. காசிக்குப் போய்ப் பிடித்த பண்டத்தை விட்டு வருகிற நம் வழக்கமும் இந்த அறிதலில்தான் நிற்கிறது. சாஸ் உடலைக் கெடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மனிதர் தம் நாவின் மேல் வைத்திருக்கும் ஆட்சியை அவரறியாமல் பறிப்பதையே நான் பெரிய குற்றமாக எண்ணுகிறேன்.

அறியாமல் தின்றால் பாவமில்லை என்று வாங்குபவர் ஒதுங்கிவிடவும் முடியாது. பிறர் கொன்ற ஊனை உண்பதில் பழியில்லை என்ற பௌத்தரோடு சமணக் காப்பிய நாயகி நீலகேசி வாதிட்டது இந்தப் புள்ளியில்தான்: வாங்குபவர் இருப்பதால்தானே விற்பவர் இருக்கிறார். ஆனால் கேட்டறியும் கடமையை வாங்குபவர் மேல் சுமத்துகிறவர்கள், அவருக்குப் புரியும் மொழியில் பதில் கிடைக்கவும் வழிசெய்ய வேண்டும். உறையின் முன்பக்கத்திலேயே எச்சரிக்கை வேண்டும் என்ற வழக்கு 2025இல் உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. முன்பக்கம் சரி, எந்த மொழியில் என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.