சாய்கிற பக்கம்

எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஊர் ஒன்றில், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தோம். பாதிச் சிரட்டையின் அடியில் களிமண்ணை அப்பி, மேலே காகிதத்தில் ஒரு பெண்ணைச் செய்து ஒட்டினால் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி ஒன்று கிடைக்கும். எடை அடியில் இருப்பதால், சாய்த்தால் ஈர்ப்பு மையம் மேலேறும். விட்டதும் அது இறங்கப் பார்க்கும், பொம்மை நிமிர்ந்துவிடும். இயற்பியல் மாணவி விளக்கி முடித்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இது விழாது. ஆனா எங்கயும் போவவும் செய்யாதுல்லா?"

பெண்களிடம் நாம் கேட்கிற சமநிலை இதுதான். யார் தள்ளினாலும் சிரித்த முகத்தோடு பழைய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை முதலாண்டு மாணவி ஒருத்தி, வீட்டில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று என் முன்னால் அழுதாள். "கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கலாம், அனுசரிச்சுப் போ" என்றேன். இரண்டாமாண்டுக்கு அவள் வரவில்லை.

அடுத்து, குரும்பையில் ஈர்க்குச்சி செருகிப் பம்பரம் செய்தோம். சுழலும்வரை நிற்கும், வேகம் குறைந்தால் தள்ளாடிச் சாயும். விடியுமுன் அடுப்படியில் தொடங்கி, வேலைக்கும் போய்வந்து, இரவு பாத்திரம் கழுவி முடிக்கிறவளை "எப்படித்தான் எல்லாத்தையும் பாத்துக்கிடுதாளோ" என்று மெச்சுகிறோம். அவள் ஓய்ந்தால் என்ன ஆகும் என்று மெச்சுகிறவர்கள் கேட்பதில்லை.

இந்த இரண்டும் இல்லாத வேறொரு சமநிலையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் கிண்டல் பேச்சுகளைத் தாண்டி ஓட்டினார்கள். சிலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பியதை பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்: முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே!

சுழலும் சக்கரம்தான் சைக்கிளை நிமிர்த்துகிறது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எதிர்த்திசையில் சுழலும் சக்கரங்களைச் சேர்த்து அந்த விளைவை இல்லாமலாக்கிய ஒரு சைக்கிளைக் கட்டினார்கள். தள்ளிவிட்டதும் அதுவும் ஆளில்லாமலே நிமிர்ந்து ஓடியது. சைக்கிள் நிற்பதற்கு முக்கியமான காரணம், சாய்கிற பக்கமே முன்சக்கரமும் திரும்புவது. புதிதாகப் பழகுகிறவர்கள் பயத்தில் எதிர்ப்பக்கம் திருப்பித்தான் விழுகிறார்கள்.

அப்படியானால் ஒரு பக்கம் சாய்வது தவறில்லை. படிப்பின் பக்கம் சாய்ந்த பெண்ணை, "ரெண்டையும் சமமாப் பாத்துக்கோ" என்று மறுபக்கம் இழுத்தது நான். பொறுமையே கெட்டது என்று சொல்லவரவில்லை. யாருடைய வசதிக்கான பொறுமை என்பதை அன்று நான் கேட்கவில்லை.

சைக்கிள் பழகும்போது கொஞ்ச தூரம் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட ஒருவர் வேண்டும். அன்று அவள் வீட்டுக்கு ஒருமுறை நான் போயிருக்கலாம். அறிவுரை சொல்ல இரண்டு நிமிடம் போதும்; கேரியரைப் பிடிக்க மூச்சு வாங்க ஓட வேண்டும். இப்போது யாராவது அழுதுகொண்டு வந்தால் முதலில் வீட்டு முகவரியைக் கேட்கிறேன்.