கடன் வாங்கிய கதை

ஒரு கதை இன்னொரு கதையிலிருந்து பிறந்தது என்று தெரிந்துவிட்டால் போதும், நாம் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். மூலத்தில் இருந்ததெல்லாம் இதில் இருக்கிறதா என்று நிறுத்துப் பார்க்கிறோம். அது நியாயமான நிறுவைதானா?

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1950-இல் வெளியிட்ட ‘மந்திரி குமாரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். மு. கருணாநிதி எழுதிய அந்தப் படத்துக்குக் குண்டலகேசியின் ஒரு நிகழ்ச்சியே மூலம். கொல்வதற்காக மலையுச்சிக்கு அழைத்து வந்த கணவனை, வலம் வந்து வணங்குவதாகச் சொல்லி, பின்னால் நின்று தள்ளிவிடுகிறாள் ஒரு பெண்.

குண்டலகேசியின் கதையும் இரவல்தான். பௌத்தர்களின் பாலி மொழிக் கதைகளில் அவள் முன்பே உலவியவள். காப்பியத்திலோ இன்று எஞ்சியிருப்பவை சில பாடல்களே. ஆகவே எடுத்துக்கொண்டது குற்றமாகாது. எடுத்ததை வைத்து என்ன கேட்டார்கள் என்பதே வழக்கு.

காப்பியத்துப் பெண் அதன் பிறகும் வாழ்கிறாள். கொன்ற கைகளோடு ஊர் ஊராக அலைந்து, வாதிட்டு, வென்று, கடைசியில் தோற்றுத் துறவியாகிறாள். படத்து அமுதவல்லியின் முன் நிற்பது வேறு கேள்வி: கணவனா, நாடா? அவள் துணிந்து விடை சொல்கிறாள். அந்தத் துணிவு படத்தின் சொந்தச் சம்பாத்தியம். ஆனால் விடை சொன்னவள் விரைவிலேயே கொல்லப்படுகிறாள்.

கதாசிரியனுக்குச் சாவு சுலபமான தீர்ப்பு, வாழவைப்பதுதான் கடினம். படம் மலையுச்சியை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிந்திய நாட்களை விட்டுவிட்டது. எடுத்ததற்காக அல்ல, விட்டதற்காகவே அதைக் குறை சொல்வேன்.